ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு சட்டம்

மதுவைக் கட்டுப்படுத்த ஓர் அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியில் எனக்கு எவ்விதத் தடுமாற்றமும் இல்லை. உண்டு. மதுவரி வருமானத்தை நம்பி வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும் எந்த அரசாங்கமும் அந்த அதிகாரத்தை மனமுவந்து பயன்படுத்துவதில்லை என்பது வேறு கதை. என்னை உறுத்துவது இன்னொரு கேள்வி. கட்டுப்பாடு என்ற பெயரில் ஒருவனுக்கு அடைக்கப்படும் கதவு மற்றொருவனுக்குத் திறந்தே கிடக்குமானால், அந்த ஏற்பாட்டுக்கு நீதிமன்றம் முத்திரை குத்தலாமா?

கேரளத்தின் ஹோட்டல்கள் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2015 டிசெம்பர் 29ஆம் திகதி முத்திரை குத்தியது. ஐந்து நட்சத்திரத் தரம் பெற்ற ஹோட்டல்கள் மட்டுமே மது பரிமாறும் கூடங்களை நடத்தலாம், ஏனைய ஹோட்டல்கள் யாவும் அவற்றை மூடிவிட வேண்டும் என்ற கேரள அரசின் கொள்கை செல்லும் என்பது தீர்ப்பு. ஆண்டுகள் பல கடந்துவிட்ட போதிலும் அத்தீர்ப்பைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டிய தேவை இருப்பதாகக் கருதுகின்றேன். மதுபான அனுமதிப்பத்திரம் என்ற காகிதத்தைச் சுற்றி அரசியல் எவ்வாறு சுழல்கின்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு அண்மைக் காலத்தில் எனது கண்ணில் படவில்லை.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நாம் உயர் நீதிமன்றம் என்று அழைப்பதை இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பர். அங்கு உயர் நீதிமன்றம் எனப்படுவது மாநிலத்தின் தலைமை நீதிமன்றமாகும். இக்கட்டுரையில் இந்தியா பற்றிப் பேசும் போது இந்திய வழக்கையே கையாள்கின்றேன்.

கேரளத்தில் மது அரசியலின் வரலாறு நெடியது. 1996 ஏப்ரல் முதலாம் திகதி முதல் அம்மாநிலத்தில் சாராயத்தைத் தடை செய்தார் அப்போதைய முதலமைச்சர் ஏ.கே. அந்தோணி. சாராயம் கூலித் தொழிலாளியின் குடி. விஸ்கியும் பிறாந்தியும் அப்படியே இருந்தன. அதையடுத்து நடைபெற்ற தேர்தலில் அந்தோணியின் அணி தோற்றது. தடையை நீக்க அடுத்து வந்த அரசுக்குத் துணிவு வரவில்லை. மலிவான குடியை இழந்தவர்களில் ஒரு சாரார் கள்ளச் சாராயத்தை நாடினர். 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கலில் நச்சுச் சாராயம் அருந்தி 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் கண்பார்வையை இழந்தனர். ஏழையின் குடியை மட்டும் எடுத்துக்கொண்டு பணம் படைத்தவனின் குடியை விட்டு வைக்கும் வழக்கம் அங்கே 2014இல் தோன்றியதல்ல என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றேன்.

இனி 2014க்கு வருவோம். அவ்வாண்டு ஏப்ரலில், தரம் குறைந்தவை என்ற காரணத்தால் 418 ஹோட்டல்களின் மதுக்கூட அனுமதிகள் புதுப்பிக்கப்படவில்லை. 312 ஹோட்டல்களின் அனுமதிகள் புதுப்பிக்கப்பட்டன. மூடப்பட்ட 418ஐயும் திறக்க வேண்டும் என்று உரிமையாளர்கள் அமைச்சர்களின் வாசல்களில் தவங்கிடந்தனர். திறக்கவே கூடாது என்று விடாப்பிடியாக நின்றவர் கேரளக் காங்கிரசின் தலைவர் வி.எம். சுதீரன். முதலமைச்சர் உம்மன் சாண்டியும் அதே கட்சிக்காரரே. 418ஐத் திறந்தால் அவர் மது வியாபாரிகளின் நண்பர் ஆகிவிடுவார். திறக்காவிட்டால் வெற்றி சுதீரனுக்குப் போய்ச் சேரும். இந்த இக்கட்டிலிருந்து மீள அவர் கண்டுபிடித்த வழிதான் ஓகஸ்ட் 2014இன் புதிய கொள்கை: 418 மட்டுமல்ல, எஞ்சிய 312ஐயும் மூடுவோம், ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள் மட்டும் விதிவிலக்கு, அரசின் சில்லறை மதுக்கடைகளையும் ஆண்டுக்குப் பத்து வீதமாக மூடிப் பத்தாண்டுகளில் முழு மதுவிலக்கை எட்டுவோம்.

ஒரு கட்சிக்குள் இருவருக்கிடையில் யார் பெரிய மதுவிலக்காளர் என்ற போட்டியில் ஒரு மாநிலத்தின் கொள்கை பிறந்தது. நீதிமன்றம் ஒரு கொள்கை எவ்வாறு பிறந்தது என்று பார்ப்பதில்லை. அது சட்டத்துக்கு இசைந்ததா என்று மட்டுமே பார்க்கும். பத்திரிகைக்காரனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஹோட்டல்காரர்கள் நீதிமன்றம் சென்றனர். 2014 ஒக்டோபர் 30ஆம் திகதி கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நான்கு நட்சத்திர ஹோட்டல்களையும் பாரம்பரிய ஹோட்டல்களையும் விலக்கி வைத்தது நியாயமற்றது என்றும், அவையும் மது பரிமாறலாம் என்றும் கூறினார். மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழானவையும் மூடப்பட வேண்டியவையே என்றார். இது இரு தரப்பினருக்கும் உவப்பாக இல்லை. மேன்முறையீட்டில் இரு நீதிபதிகள் கொண்ட ஆயம் 2015 மார்ச் 31ஆம் திகதி அரசின் கொள்கையை முழுமையாக ஏற்றது. விடயம் டில்லிக்குச் சென்றது. அங்கு இந்தியாவின் முன்னணிச் சட்டத்தரணிகள் ஹோட்டல்காரர்களுக்காக அணிவகுத்தனர். நாட்டின் சட்டமா அதிபரான முகுல் ரோத்தகியே மாநில அரசு ஒன்றின் மதுக் கொள்கைக்கு எதிராக மது வியாபாரிகளின் சார்பில் வாதாட எழுந்தமை கேரளத்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. மாநில அரசின் பக்கம் நின்றவர் கபில் சிபல். இத்தகையோரின் ஒரு நாள் கட்டணத்தில் மூடப்பட்ட மதுக்கூடம் ஒன்றின் பரிசாரகர் எத்தனை மாதம் குடும்பம் நடத்தியிருப்பார் என்று அப்போது எண்ணிப் பார்த்தேன்.

நீதியரசர்கள் விக்ரம்ஜித் சென், சிவகீர்த்தி சிங் ஆகியோரின் தீர்ப்பில் இரண்டு பாதிகள் உள்ளன. முதற் பாதியை நான் ஏற்கின்றேன். இரண்டாம் பாதியை ஏற்க இயலவில்லை.

முதற் பாதி உரிமை பற்றியது. எந்தத் தொழிலையும் செய்வதற்கு இந்திய அரசியலமைப்பின் 19ஆவது உறுப்புரை உரிமை தருகின்றது. மது வியாபாரம் அந்த உரிமைக்குள் அடங்குமா? மது, வியாபாரத்துக்கே உரியதல்லாத ஒரு பண்டம், அதனை விற்க எவருக்கும் அடிப்படை உரிமை கிடையாது என்பது அரசின் வாதம். 1994இல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியவற்றை அதற்கு ஆதாரமாகக் காட்டினர். விக்ரம்ஜித் சென் அந்த வாதத்தை அப்படியே விழுங்கவில்லை. அரசு ஒருவரை மது வியாபாரம் செய்ய அனுமதிக்குமாயின் அங்கு உரிமை என்ற ஒன்று இருக்கவே செய்கின்றது, ஆனால் அது பொது நலன் கருதிய கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்பது அவரது நிலைப்பாடு. மது அருந்துவதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று கூறும் 47ஆவது உறுப்புரையும் அந்த உரிமையைக் குறுக்குகின்றது என்றார். இது நிதானமான பார்வை. உரிமையே இல்லை என்று சொல்லிவிட்டால், அரசு தான் விரும்பியவருக்கு வழங்கவும் விரும்பாதவரிடமிருந்து பறிக்கவும் கேள்வியின்றி உரித்துடையதாகிவிடும். உரிமை உண்டு, ஆயினும் கட்டுப்படுத்தலாம் என்னும் போது, கட்டுப்பாட்டுக்கு நியாயம் சொல்லும் கடமை அரசின் தலையில் விழுகின்றது.

அந்த நியாயத்தை அளந்து பார்த்த இடத்தில்தான் தீர்ப்பு எனக்குச் சறுக்குவதாகத் தோன்றுகின்றது. சமமானவர்களைச் சமமாக நடத்த வேண்டும் என்பது 14ஆவது உறுப்புரை. வேறுபடுத்துவதானால் அந்த வேறுபாட்டுக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். பொது இடங்களில் குடிப்பதைக் குறைப்பது நோக்கம் என்றது அரசு. இந்தியாவின் மொத்த மது நுகர்வில் 14 வீதம் கேரளத்தில் நிகழ்கின்றது என்ற கணக்கும் நீதிமன்றத்தின் முன்னிருந்தது. நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ மூன்று வீதத்தினரைக் கொண்ட ஒரு மாநிலத்துக்கு அது பயங்கரமான கணக்குத்தான். சரி, ஐந்து நட்சத்திர ஹோட்டலில் மட்டும் குடிப்பது ஏன் பொது இடக் குடியாகாது? அங்கு விலை அதிகம், இளைஞர்களும் சபலம் உடையோரும் எளிதில் நுழைய முடியாது, அங்கு வருவோர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் என்று பதில் கூறப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்றது.

ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் எப்படிக் கிடைக்கின்றது என்பதை வாசகர்கள் அறிவார்கள். இந்தியச் சுற்றுலா அமைச்சின் குழுவொன்று வந்து பார்க்கும். அறையின் பரப்பளவு, குளியலறை, மின்தூக்கி, உணவகங்கள், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் என்று பட்டியல் ஒன்றை வைத்துச் சரிபார்க்கும். விருந்தினர் வசதியாகத் தங்கலாமா என்பதை அளக்கும் கோல் அது. அந்த ஹோட்டலில் குடித்தவர் வீட்டுக்குச் சென்று மனைவியை அடிப்பாரா, வழியில் வாகனத்தை மோதுவாரா என்பதை அந்தக் கோலால் அளக்க முடியாது. நான்கு நட்சத்திர ஹோட்டலுக்கும் ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கும் இடையிலான வேறுபாடு சட்டைப்பையின் கனத்தில் மட்டுமே இருக்கின்றது. தீர்ப்பின் தருக்கத்தை அதன் சோடனைகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இதுதான்: காசு உள்ளவன் கட்டுப்பாட்டோடு குடிப்பான், இல்லாதவனை நம்ப முடியாது.

இவ்வாறு நான் எழுதும் போது, ஒரே நாளில் எல்லாவற்றையும் மூடு என்று எந்த அரசையும் கட்டாயப்படுத்த முடியாது, படிப்படியாகத்தான் போக வேண்டும், முதற்படியை ஏதோ ஓரிடத்தில் வைக்கத்தான் வேண்டும் என்று சிலர் வாதிடக் கூடும். நீதிமன்றத்தின் மனத்திலும் இவ்வெண்ணம் இருந்தது. ஒரு கொள்கையைப் பரீட்சித்துப் பார்க்க அரசுக்கு இடமளிக்க வேண்டும் என்பது பொதுவாக நல்ல கொள்கையே. நீதிபதிகள் நாட்டை ஆளத் தொடங்கினால் என்னவாகும் என்பதைப் பின்னர் சொல்கின்றேன். ஆனால் முதற்படியை எங்கே வைப்பது என்பதில் நோக்கத்தோடு ஒட்டிய அளவுகோல்கள் எத்தனையோ இருந்தன. பாடசாலைக்கு அருகில் இருப்பவை, தொழிலாளர் குடியிருப்புகளை மொய்த்து நிற்பவை, நேரக் கட்டுப்பாட்டை மீறியவை, வயது குறைந்தோருக்கு விற்றுப் பிடிபட்டவை என்று பிரித்திருக்கலாம். அப்படிப் பிரித்திருந்தால் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலும் மூடப்பட்டிருக்கக் கூடும். ஒரு மூன்று நட்சத்திர ஹோட்டல் தப்பியிருக்கவும் கூடும்.

குடிகாரர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்விக்கு விடை காண ஆராய்ச்சி தேவையில்லை. கேரளத்தில் பாட்டில் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கின்றது. 1984இல் அமைக்கப்பட்ட அரச மதுபானக் கூட்டுத்தாபனமே அதன் பெரும் பகுதியை நடத்துகின்றது. அக்கடைகளின் முன்னால் வளைந்து நெளிந்து நிற்கும் வரிசை கேரளத்தின் அன்றாடக் காட்சி. மதுக்கூடங்கள் மூடப்பட்டதும் அந்த வரிசை நீண்டது. கடைகளின் முன் மக்கள் நிற்கும் நிலை பற்றிக் கேரள உயர் நீதிமன்றமே பின்னர் கடுமையாகக் கேள்வி எழுப்பியது. 2021இல் பெருந்தொற்றுக் காலத்திலும் அந்தக் கண்டனம் தொடர்ந்தது. ஹோட்டல் மேசையில் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு எழுந்தவன் இப்போது முழுப் பாட்டிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். வீட்டில் பிள்ளைகள் இருந்தனர். பொது இடக் குடியைக் குறைப்பது நோக்கம் என்று சொன்ன கொள்கையின் கணக்கில் இது வெற்றியாகவே பதிவாகும்.

இதிலே இன்னொரு வேடிக்கை உண்டு. கொள்கை அறிவிக்கப்பட்டு நான்கு மாதம் முடிவதற்குள், 2014 டிசெம்பரில், மூடப்பட்ட ஹோட்டல்கள் பியரும் வைனும் விற்கலாம் என்று அதே அரசு இறங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மது விற்பனை இல்லை என்ற தடையும் கைவிடப்பட்டது. மூடப்பட்ட மதுக்கூடங்கள் நூற்றுக்கணக்கில் பியர்-வைன் கூடங்களாகப் பெயர்ப்பலகை மாற்றிக்கொண்டன. சுதீரன் சினந்தார். அவர் சினந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அனுமதிப்பத்திரம் ஓர் அமைச்சரின் பேனா முனையில் தொங்கும் போது அந்தப் பேனாவுக்கு விலை பேசப்படும். 2014 ஒக்டோபர் இறுதியில் மதுக்கூட உரிமையாளர் பிஜு ரமேஷ், மூடப்பட்ட கூடங்களைத் திறப்பதற்காக நிதியமைச்சர் கே.எம். மாணிக்கு ஒரு கோடி ரூபா கொடுக்கப்பட்டதாகப் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். மாணி மறுத்தார். விசாரணை அமைப்பு அவர் மீது வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்றது. நீதிமன்றம் மேலும் விசாரிக்கச் சொன்னது. 2015 நவம்பரில், சீசரின் மனைவி சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவளாக இருக்க வேண்டும் என்ற பழமொழியை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் நினைவூட்ட, மறுநாளே மாணி பதவி விலகினார். அரை நூற்றாண்டு ஒரே தொகுதியின் பிரதிநிதியாக இருந்தவர் அவர். குற்றச்சாட்டு நிரூபணமாகாமலேயே 2019இல் காலமானார். அவர் வாங்கினாரா இல்லையா என்பது எனது விடயமன்று. வாங்கியிருக்கலாம் என்று ஒரு மாநிலமே உடனடியாக நம்பியதே, அதுதான் கவனிக்க வேண்டியது. அனுமதி எந்த அளவுகோலின்படி கிடைக்கின்றது என்பது எவருக்கும் விளங்காத ஓர் ஏற்பாட்டில் மக்கள் வேறு எதை நம்புவார்கள்?

இனித் தொழிலாளர்கள். நூற்றுக்கணக்கான ஹோட்டல்களில் மதுக்கூடம் மூடப்பட்டால் பரிசாரகர், சமையற்காரர், பாத்திரம் கழுவுபவர், காவலாளி என்று ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வருவர். அவர்களுக்கென 'புனர்ஜனி 2030' என்ற பெயரில் ஒரு புனர்வாழ்வுத் திட்டமும், அதற்காக மது விற்பனை மீது ஐந்து வீத வரியும் கொள்கையில் இடம்பெற்றிருந்தன. உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை முடிக்கும் போது வேலையிழந்தோரின் நிலையைக் குறிப்பிட்டு, அரசு அதில் உண்மையான அக்கறை காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டது என்ற சொல்லைக் கவனியுங்கள். உரிமையாளரின் அனுமதி பற்றிய பகுதியில் தீர்மானிக்கும் மொழி. தொழிலாளரின் சோறு பற்றிய பகுதியில் வேண்டுகோளின் மொழி.

தொழிலாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் மதுச் சட்டம் எவ்வளவு மாறித் தெரியும் என்பதற்கு அதே நீதிமன்றம் முன்னர் அளித்த ஒரு தீர்ப்பே சான்று. 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் மதுவரிச் சட்டம் டில்லியிலும் நடைமுறையில் இருந்தது. பொதுமக்கள் மது அருந்தும் இடங்களில் பெண்கள் எவரையும், 25 வயதுக்குக் குறைந்த ஆண்களையும் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது அதன் 30ஆவது பிரிவு. இந்திய ஹோட்டல் சங்கம் இதனை எதிர்த்தது. டில்லி உயர் நீதிமன்றம் 2006இல் பிரிவை நீக்க, உச்ச நீதிமன்றம் 2007 டிசெம்பரில் அனுஜ் கார்க் வழக்கில் அதனை உறுதி செய்தது. பெண்ணின் பாதுகாப்புக்காகவே இத்தடை என்ற வாதத்தை நீதியரசர்கள் ஏற்கவில்லை. பாதுகாப்பைத் தருவது அரசின் வேலை, அதைச் செய்யாமல் பெண்ணை வேலையிலிருந்து அகற்றுவது பாதுகாப்பாகாது என்றனர். ஹோட்டல் முகாமைத்துவம் பயின்று வெளிவரும் இளம் பெண்களும் ஆண்களும் எங்கே வேலை தேடுவர் என்று கேட்டனர். தடையின் நோக்கம் நல்லதா என்பதோடு நின்றுவிடாமல், அந்தத் தடை உண்மையில் என்ன செய்கின்றது என்று உரித்துப் பார்த்தனர். 2015இலும் அதே கண்ணால் பார்த்திருக்கலாம் என்பதே எனது ஆதங்கம்.

நீதிபதிகள் நாட்டை ஆளத் தொடங்கினால் என்னவாகும் என்று சொன்னேன் அல்லவா? தமிழ்நாட்டிலிருந்து சென்ற பாலு வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீற்றருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசெம்பர் 15ஆம் திகதி உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டி மாய்வோரும் மாய்க்கப்படுவோரும் அங்கு ஏராளம். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. 2017 மார்ச் 31ஆம் திகதி, சிறிய ஊர்களுக்கு 500 மீற்றரை 220 மீற்றராகக் குறைத்த நீதிமன்றம், ஹோட்டல்களுக்கு விலக்கு அளிக்க மறுத்தது. தமிழ்நாட்டில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட அரச மதுக்கடைகள் மூடப்பட்டன. பிறகு நடந்தது கூத்து. பல மாநிலங்கள் தமது நெடுஞ்சாலைகளை ஊர்த் தெருக்கள் என்று பெயர் மாற்றின. கேரளத்தின் வட பறவூரில் ஒரு மதுக்கூடக்காரர் தமது காணிக்குள் மதில்களை எழுப்பி, வளைந்து வளைந்து செல்லும் சுற்றுப் பாதை ஒன்றை அமைத்தார். நடந்து செல்லும் தூரத்தைத்தான் அதிகாரிகள் அளப்பார்கள். நேர்கோட்டில் பக்கத்தில் இருந்த மதுக்கூடம் நடந்தால் 500 மீற்றருக்கு அப்பால் போய்விட்டது! குடித்துவிட்டு அந்தச் சுற்றுப் பாதையில் திரும்பி வருவது எப்படி என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இத்தடை பொருந்தாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்த, வீச்சு பெரிதும் குறைந்து போயிற்று.

கேரளத்தின் கதையும் அதே ஆண்டில்தான் தலைகீழானது. 2016 மே மாதத் தேர்தலில் உம்மன் சாண்டியின் அணி தோற்றுப் பினராயி விஜயனின் அரசு வந்தது. 2017 ஜூலை முதல் மூன்று நட்சத்திர ஹோட்டல்களுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மதுக்கூட அனுமதி மீண்டும் கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே அவற்றின் தொகை பழைய அளவை எட்டிப் பிடித்தது. ஓராண்டுக்கும் மேலாக மூன்று நீதிமன்றப் படிகள் ஏறிப் பெற்ற தீர்ப்பு ஏட்டில் அப்படியே இருக்கின்றது. தீர்ப்பு எந்தக் கொள்கையைக் காப்பாற்றியதோ அந்தக் கொள்கைதான் இல்லை. புதிய அரசு சட்டத்தை மீறவில்லை. யாருக்குக் கொடுப்பது என்பது அரசின் விருப்பம் என்றால், எல்லோருக்கும் கொடுப்பதும் அரசின் விருப்பமே.

இலங்கையில் நமக்கு இதில் எட்டி நின்று சிரிக்க ஒன்றுமில்லை. இங்கு மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டுக்கு உரியது. கள்ளுத் தவறணை முதல் கொழும்பின் சொகுசு ஹோட்டல் வரை அதன் கீழேயே அனுமதி பெறுகின்றன. பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்த 1979ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டை 2018 ஜனவரி 10ஆம் திகதி நிதியமைச்சர் மங்கள சமரவீர வர்த்தமானி மூலம் நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தரவினால் அது திரும்பப் பெறப்பட்டது. மதுபானம் விற்கும் இடங்களில் பெண்கள் பணியாற்றுவது பற்றிய விதியும் அதனோடு சேர்ந்து மாறி மீண்டும் பழைய இடத்துக்கே வந்தது. ஒரு வாரத்துக்குள் ஒரு ஹோட்டலின் பெண் ஊழியர் இரு வேறு சட்டங்களின் கீழ் வாழ்ந்தார். பெண்கள் சிலர் அடிப்படை உரிமை மனுக்களுடன் உயர் நீதிமன்றத்தை நாடினர்.

2024 டிசெம்பரில் நமது பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்ட பட்டியல் ஒன்றின்படி, அவ்வாண்டில் நாடு முழுவதும் 361 மதுபான அனுமதிகள் வழங்கப்பட்டிருந்தன. அது ஜனாதிபதித் தேர்தல் நடந்த ஆண்டு. வட மாகாணத்துக்குக் கிடைத்தவை 32. அரசியல் ஆதரவுக்குக் கைம்மாறாகச் சிபாரிசின் பேரில் இவை வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டில் தமிழ் அரசியல்வாதிகள் சிலரின் பெயர்களும் அடிபட்டன. போரில் எல்லாவற்றையும் இழந்த கிராமங்களில், கணவனை இழந்த பெண்கள் குடும்பத் தலைவர்களாக இருக்கும் இடங்களில், பாடசாலைக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் மதுபானசாலை வேண்டாம் என்று மக்கள் வீதியில் நின்றிருக்கின்றனர்.

இந்த அனுமதிகள் பற்றி நீதிமன்றங்களில் வழக்குகள் வந்தால், அல்லது அவற்றை இரத்துச் செய்ததை எதிர்த்து உரிமையாளர்கள் வந்தால், இரு தரப்பிலும் நல்ல சட்டத்தரணிகள் இருப்பார்கள். கேரள வழக்கை இருவரும் எடுத்துக்காட்டுவார்கள். ஒருவர் அதன் முதற் பாதியை, மற்றவர் இரண்டாம் பாதியை. நான் தேடப்போவது வேறொன்று. அந்தக் கோவைகளில், மதுபானசாலை வேண்டாம் என்று கிராமத்துப் பெண்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம் எங்காவது இணைக்கப்பட்டிருக்கின்றதா, இருந்தால் அதன் ஓரத்தில் எந்த அதிகாரி என்ன குறிப்பு எழுதியிருக்கின்றார் என்று பார்ப்பேன்.